சட்டைக் கலர் சொல்லிக் கூப்பிடுறவன்

ரைட்டு நல்லவன்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்கவே மாட்டேன். என் புருஷனோட தம்பி அவன். பாதி ஆயுசு ஒரே கூரைக்குக் கீழ இருந்திருக்கோம். சீட்டு ஆடுனா ஏமாத்துவான். ரொட்டி வெட்டுனா பெரிய துண்டைத் தன் பக்கம் ஒதுக்கி வச்சுட்டுத்தான் தட்டை நீட்டுவான். மாடிப்படியில பூனை செத்துக் கிடந்தா தாண்டிப் போவானே தவிர எடுத்துப் போட மாட்டான். பஸ்ல கண்டக்டர். வயசானவங்க சில்லறை கேட்டாக்கூட, "நான் என்ன வீட்ல அச்சடிக்கிறேனா"ன்னு கடிப்பான். ‘போலாம் ரைட்டு, போலாம் ரைட்டு’ன்னு கத்திக் கத்தியே அந்தப் பேரு ஒட்டிக்கிச்சு. பெத்தவங்க வச்ச பேரு அவனுக்கே ஞாபகம் இருக்கான்னு தெரியல.

ஆனா எவனாவது எவனையாவது போட்டு அடிச்சா, இவன் நடுவுல போய் நிப்பான். அது ஒண்ணுதான் அவன்கிட்ட. அந்த ஒண்ணால ஒரு பக்கப் பல்லு போச்சு, மூக்கு வளைஞ்சுது, பொண்டாட்டி போனா, கடைசியில ரெண்டு காதும் போச்சு. இனிமே தலையில ஒரு அடி விழுந்தா ஆளே போயிடுவான்னு டாக்டரம்மா என்னைத் தனியா கூப்பிட்டுச் சொல்லிட்டாங்க. அதைக் கேட்டதுல இருந்து எனக்கு இருந்த ஒரே வேலை, இவனை எந்தச் சண்டைப் பக்கமும் போகவிடாம வீட்டுக்குள்ள வச்சுக்கிறதுதான்.

முதல் காது போனது என் வீட்டுக்காரனால. அவன் வெல்டர். நாள் முழுக்கக் குனிஞ்சு இரும்பை ஒட்டுவான், சாயங்காலம் வீட்டுக்கு வந்து நிமிந்து என்னை அடிப்பான். சட்டையில பட்டன் இல்ல, சாப்பாடு ஆறிப்போச்சு, நான் ஜன்னல்ல நின்னேன். காரணத்துக்குப் பஞ்சமே கிடையாது. எங்க கட்டடத்துல வீடெல்லாம் வரிசையா இருக்கும், முன்னால நீள வராண்டா. என்னை அடிக்க ஆரம்பிச்சா கதவைச் சாத்திக்கிட்டாங்கன்னு சொன்னா அது பொய். திறப்பாங்க. வந்து நிப்பாங்க. தரையில கிடந்தபடி பாத்தா வாசப்படிக்கு அந்தாண்ட செருப்பா தெரியும். பழைய செருப்பு, புதுச் செருப்பு, வார் அறுந்து ஊக்கு மாட்டுன செருப்பு. ஒண்ணுகூட உள்ள வராது.

ஒருநாள் முக்காலியோட கால் கழண்டு அவன் கையோட வந்துடுச்சு. அது என் தாடையில விழுந்த சத்தம், வேற யாரு வீட்லயோ பாத்திரம் விழுந்த மாதிரி எனக்குக் கேட்டுது. அன்னையில இருந்து என் வாய் கோணல். சிரிச்சா அழற மாதிரி இருக்கும், அழுதா சிரிக்கிற மாதிரி இருக்கும். நான் என்ன நெனைக்கிறேன்னு என் மூஞ்சியைப் பாத்து எவனும் கண்டுபிடிக்க முடியாது. ஒரு வகையில சௌகரியம்தான்.

ரைட்டு அப்ப வேலையில சேந்த புதுசு. எங்ககூடத்தான் இருந்தான். டூட்டி முடிச்சு தோள்ல தோல்பையோட படியேறி வந்தவன், வாசல்ல நின்னவங்களைத் தோளால இடிச்சுத் தள்ளிட்டு உள்ள வந்து அண்ணன் கையைப் புடிச்சான். அண்ணன் இவன் தலையைச் சுவத்துல ஒரு மோது மோதி, முக்காலிக் காலைத் திருப்பி இடது காதுல போட்டான். ரத்தம் கழுத்து வழியா சட்டைக்குள்ள இறங்குச்சு. என் பக்கத்துல வந்து விழுந்தான். மேல பாத்தா அண்ணன் மறுபடி ஓங்குறான்.

இவன் கிடந்த கிடையில வராண்டாவைப் பாத்து, பஸ்ல கத்துற அதே குரல்ல கத்துனான். "நீல சட்டை, உள்ள வா. காலைப் புடி. அந்தக் கண்ணாடி, கட்டையைப் புடுங்கு. என்ன வேடிக்கை, ஏறு ஏறு."

பஸ் கிளம்பப் போற மாதிரி ஏறுன்னான். ஏறிட்டாங்க. நீல சட்டை பூட்டுக்கடைக்காரர். கண்ணாடி தபால்காரர். இத்தனை வருஷம் வாசப்படி தாண்டாத ரெண்டு பேரும் கயிறு கட்டி இழுத்த மாதிரி உள்ள வந்து, என் வீட்டுக்காரனைக் குப்புறப் போட்டு மேல உக்காந்துட்டாங்க. பூட்டுக்கடைக்காரர் அவன் முதுகுல உக்காந்துக்கிட்டே என்கிட்ட, "தப்பா எடுத்துக்காதம்மா, வேற யாராவது போவாங்கன்னு நெனச்சேன்"னாரு. "நானும் அப்படித்தான்யா நெனச்சுட்டுக் கிடந்தேன்"னேன். வாய் நிறைய ரத்தம். அவருக்குப் புரிஞ்சுதோ என்னவோ.

காதுல கட்டுப் போட்டுட்டு வந்த அன்னைக்கு ரைட்டைக் கேட்டேன். "எப்படிடா வந்தானுங்க?"

"கூட்டத்தைக் கூப்பிட்டா வரமாட்டாங்க அண்ணி. எல்லாரும் உள்ள போங்க, எல்லாரும் உள்ள போங்கன்னு நான் நாள் முழுக்கக் கத்துனாலும் பஸ்ல ஒருத்தன் நகர மாட்டான். எல்லாரும்னா யாரு? இவன் இல்ல, பக்கத்துல இருக்கறவன். பச்சை சட்டை, உள்ள போன்னா போயிடுவான். திட்டிக்கிட்டே போவான், ஆனா போவான்."

"உன்னை யாரு கூப்பிட்டா? நீ எதுக்கு வந்த?"

"அந்தச் சத்தம் எனக்குத் தாங்கல. நீங்க கத்துனா என் வயித்துக்குள்ள யாரோ கத்துற மாதிரி இருக்கு. அது நின்னாத்தான் எனக்குச் சோறு இறங்கும். உங்களுக்காக வந்தேன்னு நெனச்சுக்காதீங்க."

"நான் ஏண்டா நெனைக்கப் போறேன்"னேன்.

அதுக்கப்புறம் என் வீட்டுக்காரன் கையை ஓங்குறதுக்கு முன்னாடி வராண்டாவை ஒருதரம் எட்டிப் பாப்பான். யாராவது நீல சட்டையில நிக்கிறாங்களான்னு. பாத்துட்டு அடிச்ச நாளும் உண்டு, ஆனா கட்டையை எடுக்கல. சில வருஷம் கழிச்சு சாரத்துல இருந்து விழுந்து செத்தான். அழுதேன். ஏன் அழுதேன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. கோணல் வாயைப் பாத்து சிரிக்கிறாளேன்னு சொன்னவங்களும் இருந்தாங்க.

ரைட்டுக்குக் கல்யாணம் ஆச்சு. வந்த மகராசி ரொம்பப் பொறுத்தா. சாராயக்கடை வாசல்ல கத்திக்குத்து, இவன் நடுவுல. பஸ்ல ரெண்டு பேர் சீட்டுக்கு அடிச்சுக்கிட்டானுங்க, இவன் நடுவுல, பல்லு படிக்கட்டுல. வீட்டுக்கு வந்து தோல்பையைத் திறந்து டிக்கெட் கட்டுக்குப் பக்கத்துல இருந்து பல்லை எடுத்து அவகிட்ட காட்டுறான். அவ பெட்டியைக் கட்டிட்டா. என்கிட்ட வந்து, "அக்கா, இந்தாளு ஊருக்கெல்லாம் நடுவுல நிக்கிறாரு. என் பக்கத்துல எப்ப நிப்பாரு?"ன்னா. அவ கேட்டதுல என்ன தப்பு? வழியனுப்பி வச்சேன்.

ரெண்டாவது காது போனதை நான் என் கண்ணால பாத்தேன். பஸ் ஸ்டாண்ட் கேன்டீன்ல எனக்குப் பாத்திரம் கழுவுற வேலை. மத்தியான வெயில். ஒருத்தன் ஒரு பொம்பளையோட கைப்பையை பிளேடால கிழிச்சான், மாட்டிக்கிட்டான். திருடன்தான், அதுல எந்தச் சந்தேகமும் இல்ல. பாவம் ஒண்ணுமறியாதவன்னு கடைசியில சொல்வேன்னு காத்திருக்காதீங்க. பிளேடு அவன் விரலுக்கு நடுவுலயே இருந்துச்சு.

முதல்ல கன்னத்துல அடிச்சாங்க. அப்புறம் பெல்ட்டு. அப்புறம் ஒருத்தன் ஹெல்மெட்டைக் கழட்டி வாயில அடிச்சான், உதடு ரெண்டா பிளந்துது. பஸ்ஸுக்கு நின்னவங்க எல்லாம் வந்துட்டாங்க. பேன்ட்டைக் கொஞ்சம் தூக்கிப் புடிச்சுக்கிட்டு ஒரு உதை உதைச்சுட்டு, பஸ் வந்ததும் ஓடிப் போய் ஏறிக்கிட்டான் ஒருத்தன். டயர் கடைக்காரன் டயர் கழட்டுற கம்பியோட வந்தான். முழங்கால்ல போட்டான். எலும்பு உடையற சத்தம் கரும்பு ஒடிக்கிற மாதிரி இருந்துச்சு. அந்த ஆளு கத்துறதை நிறுத்திட்டான். நிறுத்துனா முடிஞ்சுதுன்னு அர்த்தம்னு எனக்குத் தெரியும்.

அப்பத்தான் ரைட்டோட பஸ் உள்ள வந்துச்சு. இவன் படியில நின்னபடி பாத்தான். நான் சோப்புக் கையோட ஓடிப் போய் சட்டையைப் புடிச்சுக்கிட்டேன்.

"போகாதடா. இருக்கிறது ஒரு காது."

"விடுங்க அண்ணி."

"திருடன்டா அவன்."

"இருக்கட்டும். விடுங்க."

சட்டைப்பை கிழிஞ்சு என் கையில வந்துடுச்சு, ஆளு போயிட்டான்.

கூட்டத்துக்குள்ள புகுந்து அந்தத் திருடனுக்கு ரெண்டு பக்கமும் காலை ஊனி நின்னான். முதுகுல பெல்ட்டு விழுந்துது. இவன் திரும்பல. விரலை நீட்டினான். "ஹெல்மெட், பின்னால போ. மஞ்சப் பை, ஆம்புலன்ஸுக்குப் போன் போடு. நீதான், மஞ்சப் பை. தாடி, வழி விடு." ஹெல்மெட்காரன் பின்னால போனான். மஞ்சப் பை போனை எடுத்துச்சு. தாடி நகந்தான். சுத்தி நின்ன சுவத்துல ஒவ்வொரு செங்கல்லா உருவுற மாதிரி உருவிக்கிட்டு இருந்தான். கம்பிக்காரன் மட்டும் கம்பியை இறக்கல. அவன் பக்கத்துலயே நின்னவனைப் பாத்து ரைட்டு சொன்னான்: "செவப்பு சட்டை, கம்பியைப் புடி."

அவன் அசையல.

"செவப்பு சட்டை. உன்னைத்தான்."

அவன் ரெண்டு பக்கமும் திரும்பிப் பாத்தான். "யாரைச் சொல்ற? நான் போட்டிருக்கிறது வெள்ளை."

சொல்லிட்டுக் குனிஞ்சு பாத்தான். காலர்ல இருந்து வயிறு வரைக்கும் அந்தத் திருடனோட ரத்தம். காலையில அவன் வெள்ளைதான் போட்டுட்டு வந்திருப்பான், பொய் சொல்லல. விரலால தொட்டான். கையைச் சட்டையிலயே தொடச்சான். தொடைக்கத் தொடைக்கக் கை இன்னும் செவந்துது.

ரைட்டு எத்தனையோ ஆயிரம் சட்டையைக் கலர் சொல்லிக் கூப்பிட்டிருக்கான். அன்னைக்குத்தான் கலரைத் தப்பாச் சொன்னான். அவன் குனிஞ்சு பாத்துக்கிட்டிருந்த அந்த நேரத்துல கம்பி இறங்குச்சு. ரைட்டோட வலது காதுக்கு மேல. இவன் அந்தத் திருடன் மேலயே சரிஞ்சான். கம்பி மறுபடி மேல போனப்ப, வெள்ளை சட்டைக்காரன் ஒரு மாதிரி ஊளை விட்டுக்கிட்டு கம்பிக்காரன் மேல பாய்ஞ்சு, அவனைக் கட்டிப் புடிச்சு, ரெண்டு பேரும் உருண்டானுங்க. அதோட கூட்டம் கலைஞ்சுது. எல்லாருக்கும் திடீர்னு பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு.

ஆஸ்பத்திரியில டாக்டரம்மா தையல் போட்டுக்கிட்டே ஒரு கதை சொன்னாங்க. எங்கயோ ஆராய்ச்சி பண்ணுனாங்களாம். ஒரு ரூம்ல ஆளை உக்கார வச்சு, சுவத்து ஓட்டை வழியா பொகையை விட்டாங்களாம். தனியா உக்காந்திருந்தவங்க முக்காவாசிப் பேர் எந்திரிச்சு வந்து சொல்லிட்டாங்களாம். ஆனா கூட ரெண்டு பேரை, அசையாம இருங்கன்னு சொல்லி உக்கார வச்சா, அவங்க மூஞ்சியைப் பாத்துட்டு அந்த ஆளும் அப்படியே உக்காந்திருப்பானாம். இருமிக்கிட்டு, கண்ணைக் கசக்கிக்கிட்டு, உக்காந்திருப்பானாம்.

"இதுக்குப் பொகை எதுக்கும்மா, எங்க வராண்டாவுக்கு வந்திருந்தா பாத்திருக்கலாமே"ன்னேன். அந்தம்மா சிரிச்சுட்டாங்க. நல்ல பொண்ணு. இவன் மாதிரி ஆளுங்க அடுத்தவனுக்காகப் போறாங்களா, தன்னோட அவஸ்தை தாங்காமப் போறாங்களாங்கிறது பத்தி மட்டும் ஆராய்ச்சிக்காரங்க இன்னும் அடிச்சுக்கிறாங்களாம். எனக்கு அதுல சந்தேகமே இல்ல. இவனே சொல்லியிருக்கானே, சத்தம் தாங்கலைன்னு. இப்பத்தான் ரெண்டு காதும் போச்சே. சத்தம் இல்ல, அவஸ்தையும் இல்ல. இனிமே பொழச்சுக்குவான். டாக்டரம்மா தலையில இன்னொரு அடி கூடாதுன்னு சொன்னப்ப, நான் தைரியமாத்தான் தலையை ஆட்டுனேன்.

வெள்ளை சட்டைக்காரன் ஆஸ்பத்திரிக்கு வந்தான். மிக்ஸி ரிப்பேர் பண்றவனாம். புதுச் சட்டை, கட்டம் போட்டது. ரைட்டு தூங்கிட்டிருந்தான். என் பக்கத்துல உக்காந்து ரொம்ப நேரம் கையைப் பாத்துக்கிட்டு இருந்தான்.

"அவரு என்னை எதுக்கும்மா கூப்பிட்டாரு?"

"கிட்ட நின்ன, கூப்பிட்டான்."

"நானும் அடிச்சேன்மா."

"அதான் சட்டையே சொல்லுச்சே."

"எல்லாரும் அடிச்சாங்க."

"ஆமா, எல்லாரும்"னேன். எந்திரிச்சுப் போயிட்டான். திருடன் பொழச்சான், கால் போச்சு. ஒருநாளும் எட்டிப் பாக்கல. ரைட்டும் அவனைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல.

வேலை போச்சு. காது கேக்காத கண்டக்டரை யாரு வச்சுக்குவா? என் வீட்டுக்கே வந்துட்டான். எனக்கு நிம்மதியா இருந்துச்சு, மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. தெருவுல குடிகாரனுங்க மண்டையை உடைச்சுக்குவானுங்க, இவன் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு தனியா சீட்டு ஆடி, தன்னையே ஏமாத்திக்கிட்டு இருப்பான்.

பக்கத்து வீட்டுக்கு ஒரு லாரி டிரைவர் குடி வந்தான். பொண்டாட்டி தையல்காரி, வாய் திறந்து பேசாத பொண்ணு. வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். குளிர்காலத்து மத்தியானம், நான் உருளைக்கிழங்கு உரிச்சுக்கிட்டு இருந்தேன், ரைட்டு எதிர்ல. சுவத்துக்கு அந்தாண்ட ஒரு தட்டு விழுந்துது. அப்புறம் ஒரு ஆளு விழுந்த சத்தம். எனக்கு அந்தச் சத்தம் நல்லாத் தெரியும், நானே போட்ட சத்தம்தானே. அவ முதல்ல "வேண்டாங்க"ன்னா. அப்புறம் வெறும் கத்தல். அவன் அவளைச் சுவத்துல மோதுறான், நிறுத்துறான், மோதுறான்.

நான் உரிச்சுக்கிட்டே இருந்தேன். டாக்டரம்மா சொன்ன பொகை ரூம்ல அசையாம உக்காந்திருக்கச் சொன்ன ஆளு இப்ப நான்தான். இவன் என் மூஞ்சியைப் பாத்தான். என் மூஞ்சியில என்ன தெரியும்? கோணல் வாய்தான். இந்த வாய் கோணினதுக்கு ஒரு பிரயோஜனம் வந்துதேன்னு நெனச்சேன். வாய் அசையல. கண்ணைக் கிழங்கு மேலயே வச்சுக்கிட்டேன். ஆனா அவ ஒரு கத்து கத்துனப்ப கத்தி நின்னுடுச்சு. பாதித் தோலு தொங்குது, கத்தி நகரல.

"என்ன அண்ணி?"ன்னான். காது போனதுல இருந்து எல்லாத்தையும் சத்தமாத்தான் கேப்பான்.

ஒண்ணுமில்லன்னு தலையை ஆட்டுனேன்.

எந்திரிச்சுப் போய் உள்ளங்கையைச் சுவத்துல வச்சான். டாக்டர் நெஞ்சுல வச்சுப் பாக்குற மாதிரி. கையை எடுக்காம என்னைத் திரும்பிப் பாத்தான். நான் எந்திரிச்சுக் கதவை மறிச்சுக்கிட்டு, காதைக் காட்டி, தலையைக் காட்டி, உனக்குத்தான் கேக்கலையே, உக்காருடான்னு ஜாடை பண்ணுனேன்.

"கேக்கலதான்"னான். என்னை ஒதுக்கிட்டுப் போனான்.

வராண்டாவுல கதவெல்லாம் திறந்து கிடக்கு. அதே செருப்புங்க. கிழட்டுப் பூட்டுக்கடைக்காரர்கூட குச்சியை ஊனிக்கிட்டு நிக்கிறாரு. உள்ள லாரிக்காரன் அவ முடியைக் கையில சுத்திப் புடிச்சிருந்தான். அவ மூஞ்சி மூஞ்சியா இல்ல. தைக்கிற துணி எல்லாம் ரத்தம். ரைட்டு போய் நடுவுல நின்னான். லாரிக்காரன் முடியை விட்டுட்டு, மேஜையில இருந்த இஸ்திரிப்பெட்டியைத் தூக்குனான். பழைய காலத்து இரும்புப் பெட்டி. அது ஒருதரம் தலையில இறங்குனா போதும், டாக்டரம்மா சொன்னது நடந்துடும். நான் வாசப்படியில நிக்கிறேன். கால் வரல. இத்தனை வயசுக்கப்புறம் நானும் அந்தாண்டதான் நிக்கிறேன்.

ரைட்டு திரும்பி, கட்டடமே அதிர்ற மாதிரி கத்துனான். "காப்பிக்கலர் ஸ்வெட்டர். நீதான். கையைப் புடி."

யாருடா காப்பிக்கலர்னு பக்கத்துல பாத்தேன். அப்புறம் குனிஞ்சு பாத்தேன். நான்தான்.

அதுக்கப்புறம் நான் எப்படி உள்ள போனேன்னு எனக்குச் சொல்லத் தெரியல. ஓங்குன கையில தொங்கி, இருக்கிற பல்லை வச்சு மணிக்கட்டுல கடிச்சேன். விடல. எலும்பு தட்டுப்பட்டுது. இன்னொரு கையால என் மண்டையில குத்துறான், நான் விடல. என் வீட்டுக்காரனுக்குச் சேர வேண்டியதும் அதுல கொஞ்சம் கலந்திருக்கும்னு நெனைக்கிறேன். இஸ்திரிப்பெட்டி அவன் கால் மேலயே விழுந்துது. அவன் அலறினான். அதுக்குள்ள ரைட்டு கோடு போட்ட பனியனையும் பச்சைத் தொப்பியையும் கூப்பிட்டாச்சு. வந்து அமுக்கிட்டாங்க. பூட்டுக்கடைக்காரர் மட்டும், "என்னை எந்தக் கலர்னும் சொல்லலையே"ன்னு வருத்தப்பட்டாரு.

வீட்டுக்கு வந்து வாயைக் கொப்புளிச்சுட்டு, அவன் உதட்டைப் பாத்துப் புரிஞ்சுக்கிற மாதிரி மெதுவாக் கேட்டேன். "அண்ணியை நீ வா போன்னு கூப்பிடுற அளவுக்கு ஆயிட்டியாடா?"

"அண்ணின்னு கூப்பிட்டிருந்தா என்னைத்தான் வெளிய இழுத்துட்டுப் போயிருப்பீங்க"ன்னான்.

அது நிஜம்.

தையல்காரி அன்னைக்கு எங்க வீட்லதான் இருந்தா, உதட்டுல ஈரத்துணியை அழுத்திக்கிட்டு. சாயங்காலம் ரைட்டு ரொட்டி வெட்டுனான். அவளுக்கு ஒரு துண்டு, எனக்கு ஒரு துண்டு. பெரிய துண்டைத் தன் பக்கம் ஒதுக்கி வச்சுட்டுத்தான் தட்டை நீட்டுனான்.